அவனுக்குப் பக்கத்தில் இருந்தால் என் பிள்ளையும் கெட்டுப் போவானா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பாடசாலையையும் விட்டு, பெயர்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகன் தரம் 8 படிக்கிறான். இங்கே அவனை நிரோஷ் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் வகுப்பிலேயே முதல் பிள்ளை. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பாசிரியை அவனைக் கஜன் என்ற பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தினார். கஜனைப் பற்றி ஊருக்கே தெரியும் என்கிறார் தாய். கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவான், பாடம் நடக்கும்போதே மதிலேறிப் போய்விடுவான், சின்னப் பிள்ளைகளுக்கு அடிப்பான். அவனுடைய தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். தகப்பன் வேறு குடும்பமாகிவிட்டார். அம்மம்மாவோடு இருக்கிறான். அம்மம்மாவும் கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டிப் பார்த்துவிட்டார்.

ஆசிரியை நிரோஷிடம் இரண்டு வேலைகளைக் கொடுத்திருக்கிறார். ஒன்று, கஜனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. மற்றது, அன்றன்று கஜன் செய்யும் குழப்படிகளை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி, வீட்டுக்குப் போகும் முன் காட்டுவது. ஒருநாள், தமிழ்ப் பாடத்தில் கஜன் இன்னொரு பிள்ளையின் கொப்பியைக் கிழித்ததை நிரோஷ் எழுதிக் காட்டினான். அடுத்த நாள் காலை வேறொரு ஆசிரியர் வகுப்புக்கு முன்னால் கஜனுக்குப் பிரம்பால் அடித்தார். அன்று இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் கஜன் நிரோஷைத் தள்ளிவிட்டான். உதடு வெடித்தது. அதன் பிறகு பள்ளிக்கூட நாட்களில் மட்டும் நிரோஷுக்குக் காலையில் வயிற்றுவலி.

இப்போது மற்றப் பெற்றோர் கஜனைப் பாடசாலையை விட்டு எடுக்கச் சொல்லிக் கையெழுத்துச் சேர்க்கிறார்கள். முதல் கையெழுத்து இந்தத் தாயினுடையதாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். அவர் கேட்கும் கேள்விகள் நான்கு. கையெழுத்து வைக்கலாமா? நிரோஷை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்லலாமா? கூடாத சேர்க்கையால் என் பிள்ளையும் கெட்டுப் போவானா? இப்படியான பிள்ளைகளுக்கென்று தனிப் பாடசாலைதானே சரி?

கடிதத்தின் கடைசியில், அவசரத்தில் சேர்த்த மாதிரி, இன்னொன்றும் இருக்கிறது. வகுப்பை மாற்றுகிறேன் என்று தாய் சொன்னதும் நிரோஷ் அழுதிருக்கிறான். “அவன் என்னோட மட்டுந்தாம்மா கணக்குச் செய்யிறவன்” என்றிருக்கிறான்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பிள்ளையின் உதடு வெடித்திருக்கிறது. காலையில் எழும்பப் பயப்படுகிறான். எந்தத் தாய்க்கும் மனம் கொதிக்கத்தான் செய்யும். நீங்கள் கோபப்படுவது நியாயம். பாடசாலைப் பிள்ளைகளோடு வேலை செய்யும் உளவளத்துணையாளராக நான் சொல்ல வருவது, அந்தக் கோபம் போகவேண்டிய இடத்தைப் பற்றித்தான். நீங்கள் எழுதியதை வரிசைப்படி திரும்பப் படித்துப் பாருங்கள். இரண்டு மாதமாக இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்திருக்கிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் கஜன் நிரோஷைத் தொட்டதாக ஒரு வரி கூட உங்கள் கடிதத்தில் இல்லை. கொப்பியில் எழுதினான், பிரம்படி விழுந்தது, அதே நாள் இடைவேளையில் தள்ளிவிட்டான். அவனுடைய குணமே அப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். தள்ளிவிட்டது பெரிய பிழை, அதை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்த இரண்டு காரியங்களும் பெரியவர்கள் செய்தவை.

ஒரு பிள்ளையிடம் கூடப் படிக்கிற பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடு என்று கேட்கலாம். அதே பிள்ளையிடம் அவனைக் காவல் பார், அவன் குற்றத்தை எழுது என்று கேட்கக் கூடாது. இரண்டையும் ஒரே பிள்ளையின் தலையில் வைத்த நாளிலிருந்து நிரோஷ் கஜனுக்குக் கூட்டாளியா, காட்டிக் கொடுப்பவனா என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் போய்விட்டது. பதின்மூன்று வயதில் அது தாங்கக்கூடிய சுமை இல்லை. வாவியில் நன்றாக நீந்துகிற பிள்ளை என்பதற்காக, மூழ்கிறவனைத் தூக்கும் பொறுப்பை அவனிடம் மட்டும் விட்டுவிட்டு நாம் கரையில் நிற்பதில்லையே.

ஆசிரியையையும் உடனே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். சேர்த்து இருத்த வேண்டும் என்று அவர் நினைத்தது நல்ல யோசனை. அந்தக் கொப்பிதான் கெடுத்தது.

சேர்ந்து படிப்பது புதுப் பழக்கம் இல்லை

பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம்முடைய பழைய வழக்கம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். மதராஸ் எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, பெரிய பிள்ளைகளைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடத்தினார். 1797 இல் அதைப் பற்றி லண்டனில் எழுதி வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஆனால் நம்முடைய சட்டாம்பிள்ளைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. யார் குழப்படி செய்தது என்று வாத்தியாருக்குப் பெயர் கொடுப்பதும் அவன்தான். பிள்ளைகள் அவனுக்குப் பயந்தார்கள், லஞ்சமும் கொடுத்தார்கள். உங்கள் மகனின் கொப்பி அந்தப் பழைய வியாதியின் தொடர்ச்சி.

இன்றைய முறைகள் அதை விட்டுவிட்டன. 1980களில் அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்து ஏழைப் பகுதிப் பாடசாலைகளில் வளர்த்தெடுத்த முறை ஒன்று உலகம் முழுக்கத் தெரிந்தது. அங்கே ஒரு நல்ல பிள்ளையையும் ஒரு குழப்படிப் பிள்ளையையும் மட்டும் பிரித்து எடுத்து இருத்துவதில்லை. முழு வகுப்பும் சோடி சோடியாகப் பிரிகிறது. பத்து நிமிடம் ஒருவர் கேட்க மற்றவர் விடை சொல்வார். அடுத்த பத்து நிமிடம் அப்படியே மாறும். சரியான விடைக்குப் புள்ளி. புள்ளிகள் அணிக்குச் சேரும். வாரம் ஒருமுறை சோடி மாறும். ஆசிரியர் மேசைக்கு மேசை நடந்துகொண்டே இருப்பார். யார் உதவி செய்கிறவர், யார் உதவி வாங்குகிறவர் என்ற முத்திரை யார் முதுகிலும் விழாது.

இதனால் என்ன பயன் என்றால், படிப்பில் பயன் நிச்சயம். மனவெழுச்சியிலும் நடத்தையிலும் சிரமப்படுகிற பிள்ளைகள் சக மாணவரோடு சேர்ந்து வாசிப்பும் கணக்கும் செய்யும்போது முன்னேறுகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சொல்லிக் கொடுக்கிற பிள்ளைக்கும் பாடம் இறுகிப் பதிகிறது. ஆகவே நிரோஷின் நேரம் வீணாகிறது என்ற கவலையை நீங்கள் விடலாம். ஒரு கணக்கை இன்னொருவனுக்கு விளங்கச் சொல்லத் தெரிந்த பிள்ளை, சாதாரண தரப் பரீட்சையில் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுக் கேட்டாலும் செய்வான். கோபம், அடிதடி போன்றவற்றில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. சில பிள்ளைகளில் குறைகிறது, சிலரில் குறைவதில்லை. சோடியாக இருத்திவிட்டால் கஜன் திருந்திவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிரோஷிடமும் அப்படி எதிர்பார்க்க விடாதீர்கள்.

கஜன் ஏன் கொப்பியைக் கிழிக்கிறான்

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. விவசாயப் பாடத்திலும் விளையாட்டிலும் அவனால் ஒரு கரைச்சலும் இல்லையாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழும்பி வாசிக்கச் சொன்னால்தான் தொடங்குமாம்.

தரம் 8 இல் சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள். முப்பது பேருக்கு முன்னால் எழும்பி நின்று எழுத்துக்கூட்ட வேண்டும். பின்னால் சிரிப்புக் கேட்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவனின் கொப்பியைக் கிழித்தால் என்ன நடக்கும்? வெளியே போ என்பார்கள். அதாவது வாசிக்கத் தேவையில்லை. மொக்கன் என்று பெயர் எடுப்பதைவிடக் குழப்படிக்காரன் என்று பெயர் எடுப்பது மேல் என்று பல பிள்ளைகள் தமக்குள்ளே முடிவு செய்துவிடுகிறார்கள். யோசித்து எடுத்த முடிவு இல்லை, பலமுறை நடந்து பழகிப்போன வழி. கஜன் விஷயத்தில் இதுதான் காரணம் என்று அவனைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் பாடசாலை முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அவனைத் தனியே, அமைதியான இடத்தில் இருத்தி, தரம் 3, தரம் 4 புத்தகங்களை வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். கண்ணும் காதும் பரிசோதிக்க வேண்டும்.

அவன் நிரோஷோடு மட்டும் கணக்குச் செய்கிறான் என்றால் அதற்கும் காரணம் இருக்கும். நிரோஷ் சிரிப்பதில்லை போல.

வீட்டு நிலைமையையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும். தாய் வெளிநாட்டில், அம்மம்மா கையில் வளர்கிற பிள்ளைகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2007 இல் சண்டை நெருங்கியபோது படுவான்கரையிலிருந்து முகாம்களுக்கு ஓடிய சனத்தில் பள்ளிக்கூடம் இழந்த பிள்ளைகள்தான் இன்றைக்குப் பல வீடுகளில் தாயும் தகப்பனும். அவர்கள் எல்லோருடைய பிள்ளைகளும் குழப்படி செய்வதில்லை, தாய் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் அப்படித்தான். காரணத்தைத் தாயின் தலையில் கட்டிவிடுவது சுலபம். அதனால் கஜனுக்கு ஒரு எழுத்துக்கூடக் கூடுதலாக வாசிக்கத் தெரியப் போவதில்லை.

கூடாத சேர்க்கை பற்றி

உங்கள் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. பிள்ளைகள் பிள்ளைகளிடமிருந்து கெட்டதையும் பழகுவார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் தோமஸ் டிஷியன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்துக் குழுவாக்கிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல நோக்கம்தான். பின்னர் பார்த்தால் அந்தப் பிள்ளைகளிடம் புகைத்தலும் பாடசாலைக் குழப்படியும் கூடியிருந்தன. ஒருவன் செய்த சண்டித்தனத்தைச் சொல்ல மற்றவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பே பரிசாகிவிடும். 1999 இல் அவர்கள் இதை வெளியிட்ட பிறகு, இப்படியான பிள்ளைகளை ஒரே கூட்டமாகச் சேர்ப்பதில் எங்கள் தொழிலில் உள்ளவர்கள் மிகவும் கவனமாகிவிட்டார்கள்.

அதனால்தான் உங்கள் நான்காவது கேள்விக்கு இல்லை என்கிறேன். இப்படியான பிள்ளைகளை எல்லாம் ஒரு தனி இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் உங்களுடைய பயம் அங்கேதான் உண்மையாகும். கடைசிப் பிரிவில் குழப்படிக்காரர் எல்லோரையும் தள்ளிவிடும் பாடசாலைகளுக்கும் இதே பதில்தான். சில பாடசாலைகளில் இருக்கும் விசேட கல்வி அலகு கற்றலில் சிரமமுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கானது. தண்டனையாகப் பிள்ளையை அனுப்புகிற இடமாக அதை நினைக்கக் கூடாது.

நன்றாக நடக்கிற பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்க, குறித்த வேலையைக் குறித்த நேரம் ஒருவனோடு செய்வதால் நிரோஷ் கெட்டுப் போவான் என்பதற்கு எனக்குத் தெரிந்து ஆதாரம் இல்லை. ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். மேசையில் சேர்ந்து கணக்குச் செய்வது வேறு. பாடசாலை முடிந்து யாரும் இல்லாத இடத்தில் சேர்ந்து திரிவது வேறு. முதலாவதை நான் சொல்கிறேன். இரண்டாவதில் எந்தப் பிள்ளையோடு என்றாலும் கண் வைத்திருங்கள்.

கையெழுத்து

வைக்காதீர்கள். மனிதாபிமானம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அதனால் சட்டப்படி ஒன்றும் ஆகாது. இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை பாடசாலைக்குப் போவது கட்டாயம். முன்பு 14 ஆக இருந்த மேல் எல்லையை 2016 இல் 16 ஆக உயர்த்தினார்கள். பெற்றோர் கையெழுத்து வைத்தார்கள் என்பதற்காக ஒரு பிள்ளையின் பெயரை வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. அப்படி அனுப்பினாலும் கஜன் ஊரை விட்டா போகப் போகிறான்? மாலையில் அதே வீதியில்தான் நிற்பான். படிப்பும் இருக்காது, பார்க்க ஆசிரியரும் இருக்க மாட்டார்.

சின்ன ஊரில் கையெழுத்து வைக்காமல் இருப்பது லேசு இல்லை என்று தெரியும். கதைப்பார்கள். கோயிலில், கடையில் முகம் கொடுக்க வேண்டும். நீங்கள் சொல்லக்கூடிய பதில் இது: “அடி விழுந்தது என் பிள்ளைக்கு. நான் அதிபருக்குத் தனியாகக் கடிதம் கொடுக்கிறேன்.” இதை மறுத்துப் பேச யாராலும் முடியாது. கடிதத்தை உண்மையாகவே கொடுங்கள். நடந்ததைத் திகதியோடு எழுதுங்கள். உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.

அந்தக் கடிதத்தில் பிரம்படியையும் எழுதுங்கள். இது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். நாலு அடி போட்டால்தான் அடங்குவான் என்று நீங்களே ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பிரம்படி கூடாது என்று கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலும், பிறகு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலும் சொல்லிவிட்டது. ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது பழுதான வழக்கில், அது அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. கொடுமையாகவோ இழிவாகவோ யாரையும் நடத்தக் கூடாது என்கிற உறுப்புரை அது. சட்டத்தை விடுங்கள், உங்கள் வீட்டையே பாருங்கள். அந்த அடி கஜனை அடக்கவில்லை. உங்கள் மகனின் உதட்டில்தான் வந்து விழுந்தது. தான் எழுதிய ஒரு வரியால் ஒருவன் முப்பது பேருக்கு முன்னால் அடி வாங்கியதை நிரோஷ் நின்று பார்த்திருக்கிறான். அவனுடைய வயிற்றுவலியில் அந்தக் குற்ற உணர்வுக்கும் பங்கு இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்போ நிரோஷை என்ன செய்வது

உங்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. இருக்கிறபடியே விடுவது ஒன்று. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வகுப்பை மாற்றக் கேட்பது இன்னொன்று. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதிபர் இடம் இருந்தால் செய்யலாம். ஆனால் அழுத பிள்ளையின் வார்த்தையைக் கேட்காமல் செய்தால், தான் ஏதோ பிழை செய்ததால்தான் மாற்றுகிறார்கள் என்று நினைப்பான். கஜனும் அப்படியே நினைப்பான்.

நான் சொல்வது மூன்றாவது. இரண்டு வாரத்துக்குச் சோடியை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஏன் நிறுத்துகிறோம் என்று ஆசிரியை கஜனிடம் தன் வாயால் சொல்ல வேண்டும்: “இது உனக்குத் தண்டனை இல்லை. அந்தக் கொப்பி வைத்தது எங்கள் பிழை. அதைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்குவோம். தள்ளிவிட்டது உன் பிழை, அதையும் பேசுவோம்.” தள்ளியதற்கு மன்னிப்புக் கேட்பது வகுப்புக்கு முன்னால் வேண்டாம். ஆசிரியை இருக்க, இரண்டு பேரும் மட்டும். அதற்குப் பிறகு நிரோஷிடம் கேளுங்கள், தொடர விருப்பமா என்று. இல்லை என்றால் அதோடு விடுங்கள், காரணம் கேட்டுத் துளைக்க வேண்டாம். ஆம் என்றால், அதிபரிடமும் வகுப்பாசிரியையிடமும் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கொப்பி இன்றோடு நிற்க வேண்டும். எழுதத்தான் வேண்டும் என்றால் வகுப்பில் எல்லோரும் எழுதட்டும், நல்லதை மட்டும். இன்றைக்கு யார் யாருக்கு உதவி செய்தார் என்று ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் போட, ஆசிரியை வாசிக்கலாம். வகுப்பில் யாரும் சேர்க்காமல் ஒதுக்கிய பிள்ளைகளை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள இது உதவியிருக்கிறது.

வாரத்துக்கு இரண்டு மூன்று பாடவேளை போதும். அதிலும் இருபது முப்பது நிமிடம்தான். நாள் முழுக்க ஒரே மேசையில் ஒட்டிவைக்கத் தேவையில்லை. முடிந்தால் முழு வகுப்பும் சோடியாகட்டும். அதற்கு ஆசிரியை தயாரில்லை என்றால் கஜனோடு மாறி மாறி இருக்க இன்னும் இரண்டு பிள்ளைகளையாவது சேர்க்கட்டும்.

கஜனும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். எப்போதும் வாங்குகிற கையாகவே இருக்கிற பிள்ளைக்கு ரோசம் வரும். விவசாயப் பாடத்தில் அவன் கெட்டிக்காரன் என்றால், நாற்றுமேடை போடுவதை நிரோஷுக்கு அவன் விளக்கட்டும். ஆரம்பப் பிரிவு இருக்கிற பாடசாலை என்றால் இன்னொன்றும் செய்யலாம். தரம் 2 பிள்ளை ஒன்றுக்கு வாரம் ஒருநாள் கதைப் புத்தகம் வாசித்துக் காட்ட அவனை அனுப்பலாம். முதல்நாள் ஆசிரியையோடு வாசித்துப் பழகிவிட்டுப் போக வேண்டும். அவனுக்கும் அந்தப் புத்தகம்தான் தேவை, ஆனால் வெட்கம் இல்லாமல் வாசிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கிறவன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இது வேண்டாம்.

எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று நிரோஷுக்கு யாரும் பழக்கவில்லை என்று நினைக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் சாதாரணமாகச் செய்வது, மற்றவனின் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துத் தானே செய்து கொடுத்துவிடுவதுதான். 3/4 உடன் 1/8 ஐக் கூட்டும் கணக்கு என்று வையுங்கள். கஜன் 4/12 என்று எழுதிவிட்டான். “பிழை” என்று நிரோஷ் சொன்னால் பேனை பறக்கும். “கீழே இருக்கிற இலக்கம் ரெண்டும் ஒண்டா?” என்று கேட்டால் கஜன் பார்ப்பான். “இல்லை.” “3/4 ஐ எட்டில் எழுதினா எத்தனை?” கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஐந்து ஆறு எண்ணும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் கஷ்டம். 6/8 என்று அவனே எழுதினால் மீதியையும் அவனே 7/8 என்று முடிப்பான். பேனை எப்போதும் கஜனின் கையில் இருக்கட்டும். இதை ஆசிரியை ஒருநாள் நிரோஷோடு செய்து காட்டினால் போதும்.

கோபம் ஏறினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். கஜன் ஒரு அட்டையை மேசையில் வைத்துவிட்டு, நூலகத்திலோ அலுவலகத்துக்கு முன்னாலோ குறித்த இடத்தில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வரலாம். மதிலேறிப் போவதைவிட அது எவ்வளவோ மேல். நிரோஷ் அவன் பின்னால் போகக் கூடாது, கையைப் பிடித்து நிறுத்தவும் கூடாது. அது ஆசிரியரின் வேலை.

வாரம் ஒருநாள் பத்து நிமிடம், ஆசிரியையோ பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரோ நிரோஷைத் தனியே கேட்க வேண்டும்: உனக்கு எப்படி இருக்கிறது, தொடரவா, விடவா? கஜனையும் அப்படியே. இந்தப் பத்து நிமிடத்துக்கு யாரும் இல்லை என்று பாடசாலை சொன்னால், சோடி போடுவதே வேண்டாம்.

காட்டிக் கொடுப்பதும் காப்பாற்றுவதும்

கொப்பி நின்ற பிறகு நிரோஷ் எதிர்ப்பக்கம் போய்விடக் கூடும், எதையுமே யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்வது. அதையும் நீங்கள் வீட்டில் பேச வேண்டும். யாருக்காவது அடி வாங்கிக் கொடுப்பதற்காகச் சொல்வது ஒன்று, யாருக்கும் ஆபத்து வராமல் இருக்கச் சொல்வது இன்னொன்று என்று பிரித்துக் காட்டுங்கள். செத்துப் போகிறேன் என்று கஜன் விளையாட்டாகச் சொன்னாலும், தன்னையே காயப்படுத்தினாலும், யாரோ ஒரு பெரியவர் தன்னை ஏதோ செய்கிறார் என்று சொன்னாலும், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாலும், அன்றைக்கே உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் அதைப் பாடசாலையிடம் சொல்ல வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். மனநல உதவிக்கு 1926 இருக்கிறது.

நிரோஷிடம் இன்னொன்றையும் நேரே சொல்லுங்கள்: “அவனுக்கு அடி விழுந்தது உன் பிழை இல்லை. எழுதச் சொன்னார்கள், எழுதினாய்.” அவன் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை.

கஜனின் அம்மம்மாவை நீங்கள் போய்ப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முடிந்தால் போங்கள். முறைப்பாடு சொல்ல வேண்டாம், அவருக்கு அது நிறையக் கிடைத்திருக்கும். உங்கள் பேரன் என் மகனோடு நன்றாகக் கணக்குச் செய்கிறானாம் என்று சொல்லிவிட்டு, பாடசாலையில் கூப்பிட்டால் பயப்படாமல் போகச் சொல்லுங்கள். குவைத்திலிருக்கும் தாயோடு ஆசிரியை வாட்ஸ்அப்பில் ஒருதரம் கதைத்தால் நல்லது. அவருக்கு வேலை முடியும் நேரத்தைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும். அங்கே இரண்டரை மணி நேரம் பிந்தி. அம்மம்மாவுக்குத் துணை தேவை என்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். கோயிலில் கட்டிய நூல் கையில் இருக்கட்டும், அது அவருடைய நம்பிக்கை. அதோடு சேர்த்து, வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் ஒருமுறை காட்டவும் சொல்லுங்கள். அங்கே போனால் பைத்தியம் என்று பெயர் வருமோ என்று பயப்படுவார்கள். பிள்ளைகளின் தூக்கம், கோபம், பயம், படிப்பு எல்லாவற்றுக்கும் அங்கே பார்க்கிறார்கள் என்று நீங்கள் சொன்னால், ஊரில் ஒருவர் சொன்னதாக எடுத்துக்கொள்வார்.

அதிபர் உங்கள் கடிதத்தை வாங்கிவைத்துவிட்டு ஒன்றும் செய்யவில்லை என்றால், இரண்டு வாரம் பொறுத்து, அதே கடிதத்தின் பிரதியோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே விசேட கல்விக்கும் வழிகாட்டல் ஆலோசனைக்கும் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேளுங்கள். கஜனை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் கதை நீளும். இந்தக் கொப்பியை நிறுத்துங்கள், இந்தப் பிள்ளைக்கு வாசிப்புப் பரிசோதனை செய்யுங்கள் என்று கேட்டால், அவர்கள் செய்யக்கூடிய வேலையாக இருக்கும்.

நிரோஷின் வயிற்றுவலியை மனதின் வேலை என்று மட்டும் நினைத்து விட்டுவிட வேண்டாம். முதலில் வைத்தியரிடம் காட்டி வேறு வருத்தம் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். இல்லை என்றால், பாடசாலைக்குப் போகாமல் வீட்டில் நிறுத்தாதீர்கள். ஒருநாள் நின்றால் அடுத்த நாள் இன்னும் கஷ்டமாகும். முதல் சில நாட்கள் நீங்களோ தகப்பனோ வாசல் வரை கூட்டிப்போங்கள், இடைவேளையில் குழாயடிப் பக்கம் ஒரு ஆசிரியர் நிற்கும்படி கேளுங்கள். இவ்வளவும் செய்தும் இரண்டு மூன்று வாரத்தில் வலி குறையவில்லை, தூக்கமும் சாப்பாடும் குறைகிறது என்றால், கஜனுக்குச் சொன்ன அதே உளநலப் பிரிவுக்கு நிரோஷையும் கூட்டிப்போங்கள்.